பாட்டி எந்த அறையில் படுக்கிறார்?

(நாகப்பட்டினத்தில், கடலோரக் கிராமத் தன்னார்வலர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுனாமி என்றால் என்னவென்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரே காலையில் ஆறாயிரம் பேரைப் பறிகொடுத்த மாவட்டம் இது. இங்கே உட்கார்ந்திருக்கும் இளைஞர்களில் பாதிப்பேர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனாலும் சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்தபடி வளர்ந்திருப்பீர்கள். அதனால் அலையைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. அலைக்கு முன்னால் கையில் இருந்த நேரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் நிலம் உடைந்தது நம் நேரப்படி காலை 6.29 மணிக்கு. நம் கரையில் அலை ஏறியபோது ஒன்பது மணியை ஒட்டியிருக்கும். நடுவில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் சும்மா கிடந்தது. கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே போவதற்கு, கைத்தடி ஊன்றி நடக்கிறவருக்குக்கூட ஒரு மணி நேரம் போதும். நேரம் இருந்தது, சேதிதான் வரவில்லை. அந்தமான் நிகோபார்க்காரர்களுக்கு இந்த வாய்ப்பே கிடையாது, அங்கே நிமிடக் கணக்கில் அலை வந்துவிட்டது. நமக்கு இருந்தது, இனியும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம்?

அன்றைக்கே அதைச் சரியாகப் பயன்படுத்திய ஊர் ஒன்று உண்டு. புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு. மீனவக் கிராமம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு கிராம அறிவு மையம் நடத்திவந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி குழாய் ஒலிபெருக்கி, அவ்வளவுதான். இன்றைக்கு அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி, மீன் என்ன விலை என்று அதில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அந்தக் காலையில், சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் டிவியில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். வீட்டுப் பக்கம் கடல் தண்ணீர் வருகிறது என்று மறுமுனையில் சொன்னதும், உடனே கிளம்புங்கள், ஊரையும் கிளப்புங்கள் என்றார். சேதி பரவியது. ஆட்கள் ஓடிப்போய் அறிவு மையத்தின் கதவை உடைத்து மைக்கைப் பிடித்தார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர். படகு போனது, வலை போனது, வீடுகள் போயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் சிங்கப்பூர் போனோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஒலிபெருக்கிதான். அது சுனாமிக்காகக் கட்டியதல்ல, மீன் விலை சொல்லக் கட்டியது. தினமும் பேசிய குழாய் என்பதால் அது வேலை செய்யும் என்று ஊருக்குத் தெரியும், அதில் வரும் குரலை நம்பலாம் என்றும் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்குத் துடைத்துப் பொட்டு வைக்கிற சைரனை நம்பி உட்கார்ந்திருந்தால், தேவைப்படுகிற அன்று அதன் பேட்டரி செத்திருக்கும். சாவி யாரிடம் என்று தேடிக்கொண்டிருப்போம். உங்கள் ஊரில் கோயில் மைக் இருக்கிறது, பள்ளிவாசல் மைக் இருக்கிறது, மாதா கோயில் மணி இருக்கிறது, ஏலக் கூடத்தில் ஒலிபெருக்கி இருக்கிறது. புதிதாக எதையும் வாங்கும் முன்னால், இவற்றின் சாவி இரவு இரண்டு மணிக்கு யாரிடம் இருக்கும் என்று எழுதி வையுங்கள்.

இப்போது ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2007 முதல் இரவு பகலாக விழித்திருக்கிறது. கடலடியில் பெரிய நிலநடுக்கம் வந்தால் சில நிமிடங்களிலேயே கணக்குப் போட்டு மாநிலங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் சேதி வந்துவிடும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அங்கிருந்து உங்கள் தெருவின் கடைசி வீட்டுக்கு, காது கேட்காத தாத்தா ஒருவர் தனியாக இருக்கிற வீட்டுக்கு அது போய்ச் சேர வேண்டும். எந்தச் செயற்கைக்கோளும் அந்த வேலையைச் செய்யாது. அதற்குத்தான் நீங்கள்.

ஜப்பானில் ஹொகுதான் என்று ஒரு சின்ன ஊர், அவாஜி தீவில் இருக்கிறது. கோபே நிலநடுக்கம் என்று நாம் சொல்கிற 1995 ஜனவரி 17 நிலநடுக்கத்தின் பிளவு அந்த ஊர் வழியாகவே ஓடியது. அதிகாலை 5.46. குளிர்காலம், இருட்டு, எல்லோரும் போர்வைக்குள். கனமான ஓடு வேய்ந்த பழைய மர வீடுகள் அப்படியே அமுங்கின. சுமார் 300 பேர் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். அந்த ஊரில் தீயணைப்புத் தொண்டர் படை உண்டு. சம்பளத்துக்கு வந்தவர்கள் அல்லர், விவசாயியும் மீனவரும் கடைக்காரரும் சேர்ந்த படை. அவர்கள் இடிபாட்டின் மேல் ஏறி நின்று, இங்கேதான் தோண்ட வேண்டும் என்று கை காட்டினார்கள். எப்படித் தெரியும்? இந்த வீட்டுப் பாட்டி எந்த அறையில் படுப்பார், தலையை எந்தப் பக்கம் வைத்துப் படுப்பார் என்பதுவரை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பேரன் வெளியூரில் படிக்கிறான், ஆகவே மாடி அறையில் தேட வேண்டாம் என்றும் தெரிந்திருந்தது. அன்று மாலைக்குள் ஊரில் யார் எங்கே என்ற கணக்கு முடிந்துவிட்டது. 39 பேர் இறந்தார்கள். ஆனால் யாரையும் காணவில்லை என்று மறுநாள் தேடிக்கொண்டிருக்கவில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம், கோபே மாநகரத்தில் அடுக்குமாடியில் பக்கத்துக் கதவுக்காரர் யாரென்றே தெரியாத இடங்கள் இருந்தன. அங்கே தேடல் நாட்கணக்கில் நீண்டது. அங்கேயும் இடிபாட்டிலிருந்து மீண்டவர்களில் முக்கால் பங்குக்கு மேல், குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும் இழுத்து வெளியே கொண்டுவந்தவர்கள்தான் என்று பின்னால் கணக்கிட்டார்கள். ராணுவமும் மீட்புப் படையும் வந்து சேர்வதற்குள் பொழுது போய்விடுகிறது. நேரம் ஆக ஆக உயிரோடு கிடைப்பவர்கள் குறைகிறார்கள். இது எந்த நாட்டிலும் மாறாது.

தன்னார்வலர் என்றதும் நம் மனத்தில் வருகிற படம் என்ன? ஆரஞ்சு உடை, தலைக்கவசம், கயிற்றில் தொங்கியபடி ஒரு குழந்தையைத் தூக்குகிற வாலிபன். பத்திரிகைகளும் அதைத்தான் போடும். நான் கேட்பது அந்த வாலிபனை அல்ல. நோட்டுப் புத்தகமும் பேனாவும் வைத்திருக்கிற ஓர் ஆளைக் கேட்கிறேன். எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், எங்கே நிறைமாதக் கர்ப்பிணி, யாருக்கு டயாலிசிஸ், யார் இரவில் தூக்க மாத்திரை போட்டுக்கொள்கிறார், எந்த வீட்டில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் பத்துப் பேர் தங்கியிருக்கிறார்கள். தமிழில் மைக்கில் கத்தினால் அவர்களுக்கு விளங்காது. மதிய நேரத்தில் யார் வீட்டில், யார் ஏலத்தில், யார் பள்ளிக்கூடத்தில் என்பதும் வேண்டும். பாட்டி ராத்திரி படுக்கிற அறை வேறு, பகலில் உட்கார்ந்திருக்கிற திண்ணை வேறு இல்லையா?

இந்த நோட்டை ஆண்கள் மட்டும் எழுதினால் பாதிதான் எழுதுவார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு ஆக்ஸ்ஃபாம் அமைப்பு எடுத்த கணக்கில், கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்களின் எண்ணிக்கை ஆண்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. காரணம் உங்களுக்கே தெரியும். ஆண்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள், அலை படகுக்கு அடியில் புகுந்து போனதே அவர்களுக்குத் தெரியவில்லை. பெண்கள் கரையில் மீனுக்குக் காத்திருந்தார்கள், அல்லது வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார்கள். இரண்டு கையிலும் பிள்ளை, உடம்பைச் சுற்றி ஆறு கஜம் சேலை, நீச்சல் பழக விட்டதும் கிடையாது.

வங்கதேசம் இதே பாடத்தை நம்மைவிடப் பெரிய விலை கொடுத்துப் படித்தது. 1970 நவம்பர் புயலில் அங்கே மூன்று முதல் ஐந்து லட்சம் பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் செம்பிறைச் சங்கமும் அரசும் சேர்ந்து புயல் ஆயத்தத் திட்டத்தைத் தொடங்கின. மெகாபோன், கையால் சுற்றுகிற சைரன், கொடி. ஒரு கொடி ஏறினால் கவனம், மூன்று ஏறினால் கிளம்பு. படிக்கத் தெரியாதவருக்கும் எண்ணத் தெரியும் அல்லவா? இருந்தும் 1991 புயலில் 1,38,000 பேர் இறந்தார்கள், அதிலும் பெண்களே அதிகம். கணவர் வந்து சொல்லாமல் வீட்டைவிட்டு வெளியேற மாட்டோம் என்று காத்திருந்தவர்கள் உண்டு. அறிமுகமில்லாத ஓர் ஆண் வாசலில் நின்று கூப்பிட்டால் கதவு திறக்காத வீடுகள் உண்டு. இன்று அந்தத் திட்டத்தில் சுமார் 76,000 தொண்டர்கள், அவர்களில் பாதிப்பேர் பெண்கள். 2020இல் அம்பன் புயல் வந்தபோது இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். இறந்தோர் கணக்கு இரண்டு இலக்கத்தைத் தாண்டவில்லை. புகலிடக் கட்டடங்களும் நல்ல வானிலைக் கணிப்பும் அதில் பெரிய பங்கு வகித்தன, எல்லாப் புகழையும் தொண்டர்களுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனால் கதவைத் தட்டியது அவர்கள்தான். இங்கே தலையில் கூடை சுமந்து தெருத்தெருவாக மீன் விற்கிற அக்காமார்களுக்குத் தெரியாத வாசல் உண்டா? அவர்களில் எத்தனை பேர் உங்கள் குழுவில் இருக்கிறார்கள்? இந்த அரங்கத்தில் எண்ணிப் பார்த்தேன். போதாது.

அடுத்தது, எங்கே ஓடுவது. 2011 மார்ச் 11, ஜப்பானின் வடகிழக்குக் கரை. இஷினோமாகி நகரத்தில் ஒகாவா என்று ஓர் ஆரம்பப் பள்ளி. நிலம் ஆடி முடிந்ததும் பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக உட்கார வைத்தார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே மலை. ஆனால் எங்கே போவது என்று ஆசிரியர்களுக்குள் பேச்சு முடியவில்லை. சுமார் ஐம்பது நிமிடம் போனது. ஆற்றின் வழியே அலை ஏறி வந்தது. 74 பிள்ளைகள், 10 ஆசிரியர்கள். அந்தப் பள்ளியிடம் பேரிடர்க் கையேடு இல்லாமல் இல்லை. சுனாமி வந்தால் பக்கத்திலுள்ள காலி இடத்துக்கோ பூங்காவுக்கோ செல்லவும் என்று அதில் எழுதியிருந்தது. எந்தக் காலி இடம்? அப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று யாரும் நடந்துபோய்ப் பார்க்கவில்லை. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். ஆயத்தம் போதாது என்ற தீர்ப்பை 2019இல் ஜப்பானிய உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. நம் அலுவலகங்களில் இருக்கிற திட்டக் கோப்புகளை எடுத்துப் பாருங்கள். பாதுகாப்பான மேட்டுப் பகுதிக்குச் செல்லவும் என்று இருக்கும். நாகையில் மேடு எங்கே ஐயா இருக்கிறது? புயல் பாதுகாப்பு மையம், பள்ளிக்கூடத்தின் இரண்டாவது மாடி, பெயரைச் சொல்லி எழுதுங்கள். ஏணிப்படி பூட்டியிருக்குமா, சாவி யாரிடம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அதே நாள், அதே கரையில் காமைஷி நகரம். அங்கே பல வருடமாகப் பிள்ளைகளோடு நடந்து நடந்து பழக்கியிருந்தார்கள். நடுநிலைப் பள்ளி மாணவர்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் ஓடினார்கள். பக்கத்து ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் மூன்றாவது மாடியில் ஏறி நின்றவர்கள், அண்ணன்மார் ஓடுவதைப் பார்த்து இறங்கி அவர்களோடு ஓடினார்கள். குறித்து வைத்திருந்த இடத்தை அடைந்த பிறகும், பக்கத்து மலைச்சரிவு சரிவதைப் பார்த்து, இங்கேயும் நிற்க வேண்டாம் என்று இன்னும் மேலே போனார்கள். அவர்கள் நின்ற இடம் பிறகு தண்ணீரில் போனது. அந்த நகரத்தின் ஆரம்ப, நடுநிலைப் பள்ளிகளில் படித்த ஏறத்தாழ மூவாயிரம் பிள்ளைகளில் ஒருசிலரைத் தவிர எல்லோரும் தப்பினார்கள்.

இனி நிலநடுக்கத்துக்கு வருகிறேன். கடலோரக்காரர்களுக்கு அது எதற்கு என்று நினைக்காதீர்கள். அலை மோதினாலும் வெள்ளம் அரித்தாலும் சுவர் விழும், விழுகிற சுவருக்கு அடியில் ஆள் இருப்பார். 1985 செப்டம்பர் 19, மெக்சிகோ நகரம். பயிற்சி எதுவும் இல்லாத சாதாரண மக்கள் வெறுங்கையோடு இடிபாட்டுக்குள் புகுந்து சுமார் 800 பேரை மீட்டார்கள். அந்த வேலையில் சுமார் 100 பேர் தாங்களே செத்தார்கள். இதைப் பார்த்த லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறை ஒரு முடிவுக்கு வந்தது. மக்கள் எப்படியும் உள்ளே இறங்கத்தான் போகிறார்கள், தடுத்தாலும் கேட்க மாட்டார்கள், ஆகவே சாகாமல் இறங்கக் கற்றுக்கொடுப்போம் என்று. 1986இல் முதல் குழு பயிற்சி முடித்தது. பிறகு அமெரிக்கா முழுக்கப் பரவியது.

அதில் சொல்லிக்கொடுக்கிற ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். ஒருவர் காலின் மேல் சிமெண்டு பலகை கிடக்கிறது. நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? எட்டுப் பேர் சுற்றி நின்று, ஒரே மூச்சில் தம் கட்டித் தூக்குவார்கள். ஒருவர் கை வழுக்கினால் போதும், பலகை மறுபடி அதே காலில் விழும். சரியான முறை மெதுவானது. கடப்பாரையைக் கொடுத்து ஓர் அங்குலம் நெம்பு. உடனே அந்த இடைவெளியில் மரக்கட்டை வை. மறுபடி ஓர் அங்குலம், மறுபடி ஒரு கட்டை. இரண்டு கட்டை நீளவாட்டில், அதன்மேல் இரண்டு கட்டை குறுக்குவாட்டில், சதுரமாக அடுக்கிக்கொண்டே போக வேண்டும். எந்த நொடியில் கை நழுவினாலும் பலகை கட்டையின் மேல்தான் உட்காரும், காலில் விழாது. ஒருவர் மட்டும் பேச வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். படகைக் கரையேற்றுகிற உங்களுக்கு உருளைக்கட்டையும் நெம்புகோலும் புதிதல்ல, பொறியியல் கல்லூரிப் பையன்களைவிட இதை நீங்கள் விரைவில் பிடித்துக்கொள்வீர்கள். இன்னொன்று: பல மணி நேரம் பாரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தவரைத் திடீரென்று விடுவித்தால், செத்த தசையிலிருந்து நஞ்சு இரத்தத்தில் கலந்து இதயமே நின்றுபோகலாம். அப்படிப்பட்டவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள், அவசரப்பட்டு இழுக்காதீர்கள்.

மெக்சிகோவில் இன்னொரு வழக்கம் உண்டு. இடிபாட்டின் மேல் நிற்பவர் முஷ்டியை உயர்த்தினால், அந்தத் தெருவே வாயை மூடிக்கொள்ளும். லாரி எஞ்சின் நிற்கும், மண்வெட்டி நிற்கும். உள்ளிருந்து முனகலோ தட்டும் ஓசையோ வருகிறதா என்று கேட்பதற்காக. நம் ஊரில் ஒரு விபத்து நடந்தால் ஆளுக்கு ஒரு யோசனை சொல்லி எழுப்புகிற கூச்சலை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது சொல்லப்போவது கசப்பானது. 2011 சுனாமியில் ஜப்பானின் தீயணைப்புத் தொண்டர்கள் 250 பேருக்கும் மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள், பெரும்பாலோர் பணியில் இருந்தபோது. கடல் மதகுகளைக் கையால் சுற்றி மூடப் போனவர்கள். கிளம்ப மறுத்த முதியவர்களிடம் மன்றாடிக்கொண்டிருந்தவர்கள். ஓட்சுச்சி என்ற ஊரில் மின்சாரம் போய்ச் சைரன் வேலை செய்யாததால் தீ மணியைக் கையால் அடித்துக்கொண்டே இருந்த ஒருவர். அவர்களை வணங்குகிறேன். ஆனால் நீங்கள் அப்படிச் செய்ய வேண்டும் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஜப்பானும் சொல்லவில்லை. அலை வருவதற்கு இத்தனை நிமிடத்துக்கு முன் தொண்டர்கள் எந்த வேலையையும் போட்டுவிட்டுத் தாங்களும் ஒதுங்க வேண்டும் என்று பல ஊர்களில் விதி எழுதினார்கள். மதகுகளில் பலவற்றைத் தொலைவிலிருந்து இயக்கும்படி மாற்றினார்கள். உங்கள் குழுவும் ஒரு நேரம் குறிக்க வேண்டும். அந்த நேரம் வந்ததும் விசில் அடித்தால், பாதி தட்டிய தெருவை அப்படியே விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அதற்கு மனசு வராது. மனசு வராது என்பதால்தான் முன்கூட்டியே எழுதி, வீட்டுக்காரர்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும்: இந்த மணிக்குமேல் யாரும் வந்து கூப்பிட மாட்டார்கள், நீங்களே கிளம்புங்கள் என்று.

2012 ஏப்ரல் 11 உங்களுக்கு நினைவிருக்கும். பிற்பகல் இரண்டு மணி தாண்டி, சுமத்ரா பக்கம் 8.6 அளவில் நிலநடுக்கம். எச்சரிக்கை வந்தது, கடற்கரைகள் காலியாயின. அலை என்று சொல்லும்படி எதுவும் வரவில்லை, ஏனென்றால் அன்று கடலடித் தட்டுகள் மேலும் கீழுமாக நகராமல் பக்கவாட்டில் உராய்ந்தன. வெட்டியாக ஓட விட்டார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். காசு செலவில்லாமல் கிடைத்த ஒத்திகை அது. யார் எந்தச் சந்தில் முட்டிக்கொண்டு நின்றார்கள், எந்தப் பாலத்தில் டூவீலர் நெரிசல், எந்த வீட்டுக்காரர் பீரோ சாவிக்காகத் திரும்பி ஓடினார் என்று அன்று மாலையே உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். அடுத்த பொய் எச்சரிக்கை வரும்போது எழுதுங்கள். வரும்.

மத்திய அரசின் ஆப்த மித்ரா திட்டத்தில் உங்களில் சிலர் பன்னிரண்டு நாள் பயிற்சி பெற்றிருப்பீர்கள். 2016இல் ஆறாயிரம் பேரோடு தொடங்கியது, பிறகு 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேர் என்று இலக்கு விரிந்தது. நல்ல திட்டம். ஆனால் முடிச்சுப் போடுவதும் மாரில் அழுத்தி மூச்சு மீட்பதும் கைப்பழக்கம். ஆறு மாதம் செய்யாவிட்டால் கை மறந்துவிடும். சான்றிதழை லேமினேட் செய்து மாட்டியவர்கள் இன்று இரவே ஒருமுறை முடிச்சுப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, அந்த நோட்டைப் பற்றி ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். தனியாக வசிக்கும் பாட்டி எந்த அறையில் படுக்கிறார் என்பது உங்களுக்குப் பயன்படுவதைவிடத் திருடனுக்கு அதிகம் பயன்படும். ஜப்பானிலும் இதே தயக்கம் இருந்தது. 2013இல் சட்டத்தைத் திருத்தி, உதவி தேவைப்படுவோர் பட்டியலை உள்ளாட்சிகள் தயாரித்தே ஆக வேண்டும் என்றார்கள். ஆனால் பொதுவாக, சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால்தான் அதை முன்கூட்டியே வெளியாட்களிடம் கொடுக்கலாம். நீங்களும் கேட்டுத்தான் எழுத வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. காகிதத்தில் எழுதி, ஒரு தெருவின் பட்டியல் அந்தத் தெருவின் இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள், ஏனென்றால் பாட்டி மகள் வீட்டுக்குப் போயிருப்பார், மாடியில் புதுக் குடித்தனம் வந்திருக்கும்.

தெருப் பெயர் எழுதிய தாள்களை வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். கேள்வி நேரம் முடிந்ததும் தெருவுக்கு இருவராக வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஏலக் கூடத்து மைக்கின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவர் இருந்தால், முதல் கேள்விக்கு முன்னால் கையைத் தூக்குங்கள்.